மூன்று இடத்தில் குத்திப் பார்த்தவர்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத அக்காள்தான் பொருத்தமானவர். ஆனால் "நீதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டார். காரணம் எனக்கும் தெரியும்.

செய்யூர்ப் பக்கம், ஒரு குழி நிலமும் இல்லாத கூலி வீட்டில் பிறந்தவர் அப்பா. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேர்க்கடலை (எங்கள் பக்கம் மல்லாட்டை) மண்டியில் மூட்டை தூக்கப் போனவர், பிறகு சரக்கின் தரம் பார்ப்பவராக உயர்ந்தார். மற்றவர்கள் மூட்டையில் ஒருமுறை குத்தூசியைச் செருகி, வந்த பருப்பைப் பார்த்துத் தரம் சொல்வார்கள். அப்பா மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் குத்துவார். "ஒரே கொல்லைல வெளஞ்ச மல்லாட்டதான். அதுக்குன்னு எல்லாம் ஒண்ணா இருக்குமா?" என்பார். எனக்குப் பெண் பார்த்தபோதும் மூன்று தெருவில் விசாரித்த பிறகே தாம்பூலம் மாற்றினார். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் புகையிலை. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு படர்ந்தபோது செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஓர் இடத்தில் துளி சதை எடுத்துச் சோதித்தார். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. புகையிலையை விடச் சொன்னார். மூன்று மாதத்தில் திரும்பி வரவும் சொன்னார். அப்பா அன்றே புகையிலையை விட்டார். மூன்றாவது மாதம் கருங்குழியில் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தோம்.

"டேய், ஒரு எடத்துலதான எடுத்தாங்க? பக்கத்துல இன்னா கீதுன்னு பாக்க வாணாமா?" என்று அப்பா கேட்டார்.

"ரிப்போர்ட்டு நல்லாதானப்பா வந்துச்சு. வூட்டு வேல தலைக்கு மேல கீது, சும்மா பேஜாரு பண்ணாத" என்றேன்.

அப்பா எதையும் இரண்டாம் முறை கேட்கிறவர் அல்லர். எட்டு மாதம் போயிற்று. அதே திட்டின் ஓரத்தில் புண் வந்தது. இம்முறை சோதனையில் புற்று என்றார்கள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கன்னத்துச் செல்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், வயதாக ஆக ஒவ்வொன்றின் மரபணுவிலும் வெவ்வேறு சிறு மாற்றங்கள் சேருமாம். பெரும்பாலானவற்றால் கேடில்லை. புகையிலை அவற்றை அதிகமாக்கும். கேடான மாற்றங்கள் சில ஒரே செல்லில் சேர்ந்துவிட்டால், அந்தச் செல் பெருகிப் புற்றாகலாம். அதனால் ஓர் இடம் நன்றாக இருப்பதால் பக்கத்து இடமும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்பே வந்திருந்தால் சிறிதாக வெட்டி எடுத்திருக்கலாம் என்றார். பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன் நான். உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே மரபணு என்று வருடந்தோறும் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்த அப்பாவுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அன்று அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் பேச்சு குழறியது. கடைசி வாரங்களில் அதுவும் நின்றது. அப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.

இரத்தம் கொடுத்த மண்டித் தோழர்களுக்கும், வாரந்தோறும் காரில் அழைத்துச் சென்ற மாமாவுக்கும், நாள் தவறாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அடுத்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்: டாக்டர் திரும்பி வரச் சொன்னால் போய்விடுங்கள்.

அப்பா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்குத் தப்பான பதில் சொன்னவன் நான்.