வேகவைத்த மண்ணில் ஒரு புல்

பிள்ளைகளா, நான் வேலை பார்க்கும் தாம்பரம் கல்லூரியின் ஏசி அறையில், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தொட்டிகளில் மலைப்புல் வளர்த்தாள். பாதித் தொட்டிகளில் மலைமண். மீதியில் அதே மண்ணை ஆவியில் வேகவைத்துப் போட்டிருந்தாள். வெந்ததில் மண்ணிலிருந்த பூஞ்சை செத்துவிட்டது. அந்தப் பூஞ்சைதான் வேருக்குள் குடியிருந்து, வேர் எட்டாத இடத்துச் சத்தையும் இழுத்துத் தருமாம். பதிலுக்குப் புல் அதற்குச் சர்க்கரை கொடுக்குமாம்.

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான் ஊற்றினேன். மலைமண் புல் தழைத்தது. வெந்த மண்ணில் நின்றது மஞ்சளாகிக் குன்றிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"இதுக்கும் ஒரு கரண்டி அந்த மண்ணப் போட்டா இன்னாம்மா?"

"ஐயோ அண்ணா! என் மொத்த வேலையும் காலி. பூஞ்சை இல்லாம எப்படி இருக்குன்னுதானே பாக்கறேன்."

"ஒரே வூட்ல பாதிப் பசங்களுக்குச் சோறு போடாத மாதிரி கீது."

"நீங்க பாவம் பாத்தா எனக்கு டாக்டர் பட்டம் வராதுண்ணா" என்று சிரித்தாள். நான் கை வைக்கவில்லை.

போன வாரம் அளவெல்லாம் எடுத்து முடித்தவள், "மிச்சத்தக் குப்பையில போட்டுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அறையில் யாரும் இல்லை. குன்றிய புல் ஒன்றின் வேரோரம் ஒரு கரண்டி மலைமண் வைத்து, தண்ணீர் தெளித்தேன்.