பெரட்டுக்கு நிற்காத கதை

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது மகளும் நானும் உயிரோடு வெளியே வந்தோம். வீடு போய்விட்டது. அதன்பின் மாதக்கணக்கில் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அந்த நாட்களில் எழுதிய ஒரு கதையைப் பதுளையில் இருக்கும் ஒரு விமர்சகரிடம் காட்ட வேண்டும் என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

ஆசிரியை ஆவதற்கு முன், படிக்கும் காலத்திலிருந்தே அவரை வாசித்து வருகிறேன். மலையகத்திலிருந்து ஒரு கதை வந்தால் பலர் “பாவம்” என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். இவர் அப்படிப் போகமாட்டார். காலையில் வேலை பிரிக்க ஆட்களை வரிசையாக நிறுத்துவதைப் பெரட்டு என்போம். ஆளுக்கொரு துக்கத்தைக் கொடுத்து நிறுத்திவைக்கும் கதைகளைப் ‘பெரட்டுக் கதை’ என்று எழுதுவார். எங்களைக் குறைவாக எண்ணாதவரின் கடுமை அது. அதற்காகவே அவரைப் பிடிக்கும். ஆனால் அந்தச் சொல் என் பிள்ளைமேல் விழுந்தால்?

அவருக்கு நுரையீரல் நோய். இனி வீட்டில் வைத்தே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போனபோது மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். மகள் வாசித்தாள். இரண்டு பக்கம் போனதும் கையை உயர்த்தினார்.

“எல்லாரும் அழுவுறாங்க. ஒருத்தருக்குக்கூடவா கோவம் வரல? பெரட்டுக்கு நிறுத்திட்டியே பிள்ள.”

“சேர், அவ இப்பதான்...” என்று தொடங்கினேன்.

“சும்மா இருங்க டீச்சர். எனக்குப் பொய் சொல்ல நேரமில்ல.”

மகள் நிமிர்ந்தாள். “முழுசாக் கேக்காம எப்புடி சேர் சொல்வீங்க?”

மேலே வாசித்தாள். கதையில், வீடிழந்து பாடசாலை மண்டபத்தில் தங்கியிருப்பவர்களுக்கு யாரோ செருப்புக் கொடுக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இரண்டும் இடது கால். “தோட்டத்துக்காரிக்கி ரெண்டுமே எடது காலுன்னு யாருங்க ஒங்களுக்குச் சொன்னது?” என்று அவள் கூட்டத்தின் நடுவே கேட்கிறாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட, நான் தண்ணீருக்கு ஓடினேன். மூச்சு திரும்பியதும், “கத இங்கதான் தொடங்குது. முன்னால உள்ளத வெட்டு” என்றார்.

“வெட்ட மாட்டேன் சேர். அழுததும் உண்மதான்.”

“ஒங்க மக என்னைய ஏசுறா டீச்சர்!” அவர் முகம் மலர்ந்திருந்தது. “அடுத்த கெழம வா. சண்டைய முடிப்போம்.”

அடுத்த கிழமை அவர் இருப்பாரா என்று நான் யோசித்தேன். அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பண்டாரவளை பஸ்ஸில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. மழைச்சத்தம் கேட்டாலே அவள் என் கையை இறுகப் பற்றுவாள். கையை அவள் மடிப்பக்கம் வைத்துக் காத்திருந்தேன். அவள் ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, “சேர் சொன்னதுல பாதி தப்பும்மா” என்று ஆரம்பித்தாள். பஸ் தெமோதரையைத் தாண்டியது. எல்ல நகரமும் வந்தது. அவள் நிறுத்தவில்லை.