ஒத்தைப் பொட்டும் டைமிங் பெல்ட்டும்

வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நான் கவுண்டரில் நிற்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விஜயதசமிக்கு மறுநாள் காலையில் போன் அடித்தது. முதலாளி எடுத்தார், கேட்டார், என்னைப் பார்த்தார்.

"ஏலே, அம்பாசமுத்திரம் மில்லு அண்ணாச்சிக்கு டூப்ளிகேட் பெல்ட்டா குடுத்த?"

"ஒரிஜினல்தான் முதலாளி. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எஞ்சின் போச்சுன்னு கத்துதாரு. நீ போயிப் பாரு. பெல்ட்டுல குத்தம் இல்லைன்னு அவரு வாயாலயே எனக்குப் போன் வரணும். வரலைன்னா இங்கன வராத, அப்படியே ஊருக்குப் போயிரு."

என் ஊர் வள்ளியூர். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறும்போதே, பக்கத்தில் நின்ற வள்ளியூர் பஸ்ஸையும் ஒரு பார்வை பார்த்துவைத்தேன். பயமாகத்தான் இருந்தது. அந்த வேலைக்காக நான் ஏறி இறங்கிய கடைகள் கொஞ்சமல்ல.

போன வாரம் அண்ணாச்சி தன் காருக்கு டைமிங் பெல்ட் வாங்கக் கடைக்கு வந்தபோது நான்தான் கேட்டேன், மெக்கானிக் யார் என்று. அவர் சிரித்துவிட்டார்.

"மெக்கானிக்கா? ஒரு பெல்ட்டு மாட்டுததுக்குக் கூலி குடுக்கணுமாக்கும்? மில்லுல தெனமும் பெல்ட்டு மாட்டுதவன்லே நான். நழுவுனா ரெண்டு இழுப்பு மெழுகு தடவுனாப் போதும்."

நெல் மில்லில் பெல்ட்டை எப்படி மாட்டினாலும் அரிசி வந்துவிடும். டீசல் கார் அவ்வளவு நல்ல மனசுக்காரன் இல்லை. டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த பெல்ட். எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் முறை போட்டு ஓட வைப்பது அதுதான். பழையதைக் கழற்றும் முன், பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளில் குறி போட்டுக்கொண்டு, அந்தக் குறிக்கே புது பெல்ட்டை மாட்ட வேண்டும். சில பல் தள்ளி மாட்டினால் வால்வு வளைந்துவிடும். இதையெல்லாம் நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை, எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

மில் களத்தில் கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாலே, வா. நல்ல பெல்ட்டாப் பாத்துக் குடுத்தியே! செல்ஃப் அடிச்சேன். டடக்குனு ஒரு சத்தம். அதோட நின்னுட்டு."

பெல்ட்டைப் பார்த்தேன். ஒரு பல் போகவில்லை, நம்பர் சரி. பிறகு புல்லிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, அழகாக மூன்று மூன்று பொட்டு.

"அண்ணாச்சி, குறி எதுல போட்டீங்க?"

"பூஜைக்கு மொத நாள் கழட்டுனேன். அப்பவே சந்தனத்துல போட்டுட்டேன். இதுக்குன்னு பெயிண்ட் டப்பா வேற வாங்கச் சொல்லுதியா?"

"மறுநாளே மாட்டலையா?"

"ஆயுத பூஜை அன்னைக்கு ஸ்பேனரைத் தொடலாமாலே? எல்லாம் சாமி முன்னால இருந்துது. நேத்து விஜயதசமி, நல்ல நேரம் பாத்து மாட்டுனேன்."

"புல்லிக்கு எத்தனை குறி போட்டீங்க?"

"ஒண்ணு."

"மூணு இருக்கே அண்ணாச்சி."

அவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "பையப் பேசுலே. நடுவுல உள்ளது நம்ம பொட்டுன்னு நெனச்சு மாட்டுனேன்."

வட்டமான புல்லியில் நடு எது என்று அவ்வளவு பெரிய மில்லுக்காரரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கையில் காப்பியோடு அவர் மனைவி வந்துவிட்டார்.

"பொட்டா? நாந்தான் தம்பி வச்சேன். மோட்டாருக்கு, மெஷினுக்கெல்லாம் மூணு மூணா வச்சிக்கிட்டே வாரேன், இங்கன மட்டும் ஒத்தைப் பொட்டு நிக்கி. சந்தனத்துலயுமா இவுக கஞ்சத்தனம்னு, கூட ரெண்டு வச்சேன்."

"இதுல அண்ணாச்சி வச்சது எது, நீங்க வச்சது எது மதினி?"

"சாமிக்கு வைக்கிற பொட்டுல அவுக பொட்டு, என் பொட்டுன்னு உண்டாப்பா?"

அண்ணாச்சி காப்பியைக் கவனமாக ஆற்றினார். மதினியைக் குறை சொன்னால் மத்தியானச் சாப்பாடு சந்தேகம். தன்னைக் குறை சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. இதில் வாயில்லாதது பெல்ட் ஒன்றுதான். அதுவும் நானும் ஒரே கடைச் சரக்கு.

"அண்ணாச்சி, பெல்ட்டுல குத்தம் இல்லைன்னு நீங்க ஒரு போன் பண்ணாத்தான் எனக்கு வேலை" என்றேன்.

மதினி அவரைப் பார்த்தார். "அந்தப் புள்ள வேலையக் கெடுத்துராதீங்க. மொதல்ல போனைப் போடுங்க."

அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே போய் நம்பரைச் சுற்றினார். ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டு நின்றேன்.

"பெல்ட்டுல ஒரு குத்தமும் இல்ல வே. பையன் மேலயும் இல்ல. நமக்கு நேரம் சரியில்ல, அம்புட்டுத்தான்."

மெக்கானிக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததெல்லாம் வால்வுக்கும் எஞ்சின் ஹெட் வேலைக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு வேலை தப்பியது. இன்றுவரை அதே கவுண்டர்தான். தானே மாட்டப்போகிறேன் என்று பெல்ட் வாங்க வந்த யாரையும் நான் தடுத்ததில்லை. பெயிண்டில் குறி போடுங்கள், மாட்டியதும் செல்ஃப் அடிக்காமல் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள், முக்கியமாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்பேன்.

அண்ணாச்சி அன்று பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. மெக்கானிக்கும் எஞ்சினைத் திறந்து பார்த்து அதையேதான் சொன்னாராம், டைமிங் சரியில்லை என்று.