சிமிழில் குங்குமம் இல்லை

என் குங்குமச் சிமிழில் குங்குமம் இல்லை. கல்யாணத்தன்று அத்தை என் கையில் வைத்துக் கொடுத்த பித்தளைச் சிமிழ் அது. உள்ளே கத்தரித்து வைத்த ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை, அதில் வெளிறிப்போன இரண்டு சிவப்புக் கோடுகள். சிறுநீரில் தோய்த்து எடுத்த பட்டை. பூஜை அலமாரியில், அத்தை தினமும் கற்பூரம் காட்டுகிற முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருக்கிறேன். சீ என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். அது அங்கேதான் இருக்கும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவள் மகனைத்தான் கட்டிக்கொண்டேன். அத்தானை எங்கள் பக்கத்தில் பாவா என்போம்; சின்ன வயதில் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய வாய், இன்றும் அப்படியேதான் கூப்பிடுகிறது. திருவாலங்காட்டில் கரும்பு நிலம், திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு. சொந்தத்தில் போகிறோம், தாயைப் போல் பார்த்துக்கொள்வாள் என்றுதான் அம்மா அனுப்பி வைத்தாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்! ஆறு மாதமாகியும் வயிறு திறக்கவில்லை என்றதும் அவள் பேச்சே மாறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்பில், எல்லோரையும் போல நானும் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். அத்தை அத்தனை பெண்களுக்கு நடுவில் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ தொடாதடி. உனக்கு ஆவட்டும், அப்பறம் பூசலாம்" என்றாள். என் விரல்களில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூலையில் போய் உட்கார்ந்தேன். அன்று அழவில்லை. இதை வட்டியோடு திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அத்தை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். குழந்தை பிறக்கும்வரை மாதாமாதம் கிருத்திகை விரதம். எங்கள் தெருவில் பாதிப் பேர் இருக்கிற விரதம்தான். ஆனால் அத்தையின் விரதத்தில் ஒரு கூடுதல் சட்டம் உண்டு. கிருத்திகைக்கு நாலு நாள் முன்பே பாவா நிலத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் அத்தையின் அறையில், அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்க வேண்டும். கிருத்திகை முடிந்து மூன்றாம் நாள் விளக்கேற்றிய பிறகுதான் பாவா வீட்டுப்படி ஏறலாம். "முருகன் குடுப்பான். குடுக்கற மாதிரி நீங்க சுத்தமா இருக்கணும்" என்பாள். ஒவ்வொரு மாதமும் நான் வீட்டுக்குத் தூரமாகிப் பின்பக்கம் உட்காரும்போது, "தண்ணி ஊத்திக்கினேதான் கீறோம், ஒண்ணும் மொளைக்கலியே" என்று காதில் விழும்படி சொல்வாள்.

இப்படியே இரண்டு வருடம் ஓடிய பிறகு அரக்கோணத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். இருவருக்கும் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, உங்கள் இரண்டு பேரிடமும் குறையில்லை என்றார். "முட்டை வெளியாவற நேரத்த கண்டுபுடிச்சிக்கோம்மா, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள்ல இருந்து சேர்ந்து இருங்க" என்று சொல்லி இந்தப் பட்டைகளை எழுதிக் கொடுத்தார். ஒரு டம்ளரில் சிறுநீர் பிடித்து, பட்டையைத் தோய்த்து எடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு எப்போதும் விழும். இரண்டாவது கோடும் அதே அளவு அழுத்தமாக விழுந்தால், அடுத்த ஓரிரு நாளில் முட்டை வெளியாகும் என்று அர்த்தம். பட்டைகளைத் துவைக்கும் சோப்பு டப்பாவில் ஒளித்து வைத்தேன். முதல் மாதம் கோடு மங்கலாகவே வந்துகொண்டிருந்து, ஒரு நாள் பளிச்சென்று விழுந்தது. அன்று கிருத்திகை. பாவா நிலத்தில். அடுத்த மாதமும் பளிச்சென்று விழுந்தது கிருத்திகையன்றுதான். அதற்கடுத்த மாதமும் அதே கதை.

குளியலறையில் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். அந்த நட்சத்திரம் சுற்றி வருகிற கணக்கும் என் உடம்பு சுற்றி வருகிற கணக்கும் ஒன்றாகவே இருந்தன. கரு தங்கக்கூடிய நாட்களை எல்லாம் பொறுக்கி எடுத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, பூட்டியவளே என்னை மலடி என்றிருக்கிறாள்! உள்ளங்கால் வரை எரிந்தது. பாவாவிடம் பட்டையைக் காட்டிச் சொன்னேன். "அம்மா சாமிக்கு வேண்டிக்கினு கீறாங்க. அவங்ககிட்ட இத இன்னான்னு சொல்றது?" என்று தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கிருத்திகையன்று காலையில் இரண்டு கோடுகளும் பளிச்சென்று விழுந்தன. நேராகப் பின்கட்டுக்குப் போய், தூரமாகிவிட்டேன் என்று அத்தையிடம் பொய் சொன்னேன். "மாசத்துல ரெண்டாவது தபாவா? உருப்படாத ஒடம்ப கூட்டிக்கினு வந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். விரத வீட்டில் தீட்டு ஆகாதே! உடனே என்னை வெளியே அனுப்பியாக வேண்டும். எங்கே அனுப்புவாள்? நிலத்து வீட்டுக்குத்தான். அங்கே பாவா இருக்கிறாரே என்ற பயம் அவளுக்குத் துளியும் இல்லை. தூரமானவளை எந்த ஆம்பளை தொடுவான்? அவளே போன் போட்டு, "அவ தூரம்டா, கிட்ட போவாத" என்று மகனுக்குச் சொன்னாள். அவளே பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தாள். அந்தப் பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

நாள் தள்ளிப்போனதும் அத்தை தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். "என் விரதம்! முருகன் கண்ண தொறந்துட்டான்!" நான் என் வளைகாப்புக்காகக் காத்திருந்தேன். அதே பெண்கள், அதே சந்தனக் கிண்ணம். அத்தை என் கன்னத்தில் சந்தனம் பூசக் குனிந்தபோது அவள் காதில் மட்டும் சொன்னேன்: "அன்னிக்கு எனக்குத் தூரமே இல்ல அத்தை. உங்க விரதம்தான் இத்தன வருசமா தடுத்துச்சி. நான் சொன்ன பொய்தான் இந்தப் புள்ள." அவள் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மாதங்களை எண்ணுவதைப் பார்த்தேன். யாரிடம் போய்ச் சொல்வாள்? ஊரெல்லாம் லட்டு கொடுத்தாகிவிட்டதே. சிரித்துக்கொண்டே மறுகன்னத்திலும் பூசினாள். எனக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து திரும்பிய அன்று, சிமிழைத் திறந்து, அன்றைய பட்டை இதுதான், அது எதைக் காட்டும் என்று அவளுக்குச் சொல்லிக் காட்டிவிட்டு அலமாரியில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு கற்பூரத் தட்டு முருகன் படத்தைச் சுற்றும், சிமிழ் இருக்கும் பக்கம் மட்டும் வராது. பையனுக்கு இப்போது ஐந்து வயதாகிறது. விரதத்தின் பெருமையை மட்டும் அத்தை மலைப்படியில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா தன் மருமகளை அழைத்துவந்தாள். "அக்கா, உன் விரதத்த இவளுக்குச் சொல்லிக் குடு. மூணு வருசமாச்சி, ஒண்ணையும் காணோம்" என்றாள். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை உற்சாகமாகத் தொடங்கினாள்: "கிருத்திகைக்கு நாலு நாள் முன்னாடியே உன் புருஷன..." நான் எழுந்து போய்ச் சிமிழை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். அத்தை அதையே பார்த்தாள்.

"உன் புருஷன பிரிச்சி வெக்க வேணாம்" என்றாள் கடைசியில். "நான் வெச்சேன். அதனாலதான் எங்க ஊட்ல லேட்டு. என் மருமவ மேல ஒரு குத்தமும் இல்ல."

"இன்னாக்கா சொல்ற? நீயா?"

"ஆங். நான்தான்."

இந்த வார்த்தைக்குத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். பரிதாபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. இனித்தது. அந்தப் பெண்ணைச் சமையலறைக்கு அழைத்துப்போய், பட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். டாக்டரம்மா இருக்கும் தெருவையும் சொன்னேன். பிறகு சிமிழை மூடி, பழைய இடத்திலேயே வைத்தேன். சாயங்காலம் அத்தை கற்பூரம் ஏற்றினாள். தட்டு முருகன் படத்தைச் சுற்றியது, கொஞ்சம் நின்றது, பிறகு சிமிழையும் ஒரு சுற்றுச் சுற்றியது.