யோசப்பினின் வடிதுணிகள்

பிலிமத்தலாவைக் கடைவீதிக்குப் பின்னால், கித்துள் பனையின் பதனியைக் காய்ச்சிப் பாணி எடுக்கும் தியாகராஜா முதலாளியின் பட்டறையில் யோசப்பினைப் பிடித்தவர்கள் என்று யாரும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். காலை ஏழரைக்கு அவள் வாசலில் நிற்கும்போதே, கான்களில் பதனி கொண்டுவந்து இறக்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் அதற்காக ஒருநாளும் கான் மூடியைத் திறக்காமல் விட்டதில்லை.

திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஒரு சொட்டு நாக்கில். சந்தேகம் என்றால் லிட்மஸ் தாளை நனைத்து நிறம் பார்ப்பாள். புளிக்கத் தொடங்கியிருந்தால், கொண்டுவந்தவர் எத்தனை மைல் ஏறி இறங்கி வந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். நல்லதென்றால் நைலோன் வலையில் ஊற்றி எறும்பு, தேனீ, பூந்தூள் எல்லாவற்றையும் எடுப்பாள். அதன்பின் இரண்டாக மடித்த பருத்தித் துணியில் ஒருமுறை. காய்ச்சி இறக்கிய பாணியைச் சூடு ஆறுவதற்குள் கனத்த துணியில் இன்னொரு முறை. அந்தத் துணிகளை வெறும் கொதிநீரில் மட்டுமே அலச வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது, சவர்க்காரம் கிட்டவே வரக் கூடாது. துணியில் ஏறிய மணம் பாணியில் இறங்கும், பாணியில் இறங்கிய மணத்தை எடுக்க வழியே இல்லை.

இதற்கு முன்னால் அவள் புசல்லாவையில் ஒரு பால் சேகரிக்கும் நிலையத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவள். அங்கே ஒருநாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுத ஒருத்தியின் பாலை முகர்ந்தும் முகராததுபோல் எல்லோர் பாலும் சேரும் தாங்கியில் ஊற்றிவிட்டாள். மத்தியானத்துக்குள் தாங்கி முழுதும் திரிந்துபோனது. நாற்பது வீட்டுப் பாலை வடிகாலில் ஓடவிட்டபோது, அந்த நாற்பது வீட்டாரும் அவள் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அழுதவளும் சேர்ந்துதான் திட்டினாள். அன்றோடு யோசப்பினுக்கு இரக்கம் என்கிற சொல்லே கசந்துவிட்டது.

பட்டறையில் காய்ச்சுகிற வேலை கிருஷ்ணராஜுடையது. பத்து வருடமாக அடுப்படியில் நிற்கிறவன். பாணி பதம் வந்ததை அகப்பையிலிருந்து விழும் துளியைப் பார்த்தே சொல்லிவிடுவான். பதனி வந்தவுடனே சட்டிக்குப் போக வேண்டும், நின்றால் புளிக்கும் என்பது அவன் கட்சி. இந்தப் பொம்பளை வடிக்கிற நேரத்தில்தான் பதனி கெடுகிறது என்று எல்லோரிடமும் சொன்னான், அவளைத் தவிர. அவளிடம் சொல்ல வேண்டியதைப் போத்தல் நிரப்பும் லிண்டாவைக் கூப்பிட்டு, அவளுக்குக் கேட்கும்படி லிண்டாவிடம் சொல்வான். பதிலையும் யோசப்பின் லிண்டாவிடமே சொல்வாள். மூன்றடி தூரத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை இருபது வயதில் தபால்காரியாகிவிட்டது.

ஒக்டோபரில் பகை முற்றியது. அதிகமாகப் பதனி கொண்டுவருகிற திருச்செல்வத்தின் கானில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. திருச்செல்வம் கிருஷ்ணராஜின் அக்கா புருஷன். கான் புதிது, கழுவித்தான் கொண்டுவந்தேன் என்று அவன் நின்றான். வேறு யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பாள். இவன் வாசலைத் தாண்டியதும் பின்பக்கத்தால் அது அடுப்படிக்குப் போய்விடும் என்று நினைத்தவள், கானைத் தூக்கி அவன் கண்ணெதிரேயே வடிகாலில் கவிழ்த்துவிட்டாள். விடியற்காலை மழையில் வழுக்கும் மரத்தில் ஏறி இறக்கிய பதனி அது. திருச்செல்வம் வெறுங்கானைத் தூக்கித் த்ரீவீலரில் எறிந்துவிட்டுப் போனான். அடுப்படி வாசலில் நின்ற கிருஷ்ணராஜ், அவளுக்குத் தலைக்கனம் முற்றிவிட்டது என்று லிண்டாவிடம் சொன்னான்.

நவம்பர் தொடங்கியதும் விடாத மழை. கல்லறைத் திருநாளுக்காக யோசப்பின் இரண்டு நாள் லீவு போட்டு, அம்மா அப்பாவின் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றப் புசல்லாவைக்குப் போனாள். துணிகளை அலுமாரியில் பூட்டி, சாவியை முதலாளியிடம் கொடுத்தாள். முதலாளி அதைக் கிருஷ்ணராஜிடம் கொடுத்தார்.

அவள் திரும்பி வந்து ஒரு வாரத்தில், கண்டியில் ஒரு ஹோட்டலுக்குப் போன போத்தல்கள் எல்லாம் திரும்பி வந்தன. பாணியில் சவர்க்காரம் மணக்கிறதாம். முதலாளி ஒரு போத்தலைத் திறந்து விரலில் தொட்டு நக்கினார், முகம் சுருங்கியது. வடிப்பது யார் வேலை என்று கேட்டார். கேட்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

யோசப்பின் அலுமாரியைத் திறந்தாள். லீவுக்குப் போகுமுன் அடித்தட்டில் வைத்து, வந்தபின் இன்னும் தொடாத துணிகளில் ஒன்றை எடுத்து, கொதிநீர் வாளியில் போட்டுக் கையால் அளைந்தாள். எலுமிச்சை மணத்தோடு வெள்ளையாக நுரை எழும்பி, வாளி விளிம்பில் ஒட்டி நின்றது.

"இது நான் இல்லாத ரெண்டு நாள் வடிச்சது. அப்ப சாவி யார்கிட்ட இருந்துச்சின்னு கேளுங்க முதலாளி. மச்சான் பதனிய ஊத்துனதுக்குப் பழிவாங்கியிருக்காரு" என்றாள்.

எல்லோரும் கிருஷ்ணராஜைப் பார்த்தார்கள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுப்பான், கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் துடைத்த கையை மறுபடி துடைத்துவிட்டு அடுப்படிக்குள் போனான். இனி அவன் அலுமாரிப் பக்கம் போகக் கூடாது என்று முதலாளி சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், நீண்ட நாளைக்குப் பிறகு யோசப்பினுக்கு மனம் லேசாக இருந்தது. தான் நினைத்தது சரியாகப் போன லேசு அது.

பத்து நாள் கழித்துத்தான் அது உடைந்தது. பின்பக்கக் குழாயடியில் லிண்டா தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தூவிய சவர்க்காரத் தூளிலிருந்து வந்த அதே எலுமிச்சை மணம் யோசப்பினின் மூக்கில் ஏறியது. அந்த மூக்கு பிழை விட்டதில்லை. அருகில் போய்ப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தாள். லிண்டா நிமிர்ந்து பார்த்ததுமே அழத் தொடங்கிவிட்டாள்.

மழையில் துணிகள் காயாமல் பூஞ்சணம் பிடித்த வாடை அடித்ததாம். கிருஷ்ணராஜ் அலுமாரியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் எடுத்துக் கழுவிப் போட்டாளாம். கொதிநீரில் மட்டும்தான் அலச வேண்டும் என்பது தெரியும், ஆனால் வாடை போகவில்லை. யோசப்பின் அக்கா வந்து மணந்து பார்த்தால் என்ன சொல்வாரோ என்ற பயம். அதனால்தான் தூளைப் போட்டாளாம்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"கிருஷ்ணராஜ் அண்ணனுக்கு. போத்தல் திரும்பி வந்த அன்னைக்கே, நீங்க வாளி கொண்டு வாறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டேன். பேசாம இருன்னு சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

லிண்டா கழுவிய பெட்டியையே மறுபடி கழுவினாள். "உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது" என்றாள்.

யோசப்பின் பொட்டலத்தை லிண்டாவின் பக்கத்தில் வைத்தாள். நாற்பது வீட்டார் திட்டியபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. பிறகு நேரே அடுப்படிக்குப் போனாள். கிருஷ்ணராஜ் சட்டியில் பொங்கி வந்த நுரையை அகற்றிக்கொண்டிருந்தான். லிண்டாவைக் கூப்பிடாமல் அவனிடமே பேசினாள்.

"செஞ்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்தப் புள்ளய அன்னைக்கே வாசலுக்கு வெளிய நிறுத்தியிருப்பீங்க. மச்சான் கானைக் கவிழ்த்த மாதிரி."

நிறுத்தியிருப்பாள். சந்தேகமே இல்லாமல் நிறுத்தியிருப்பாள்.

"முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"எதுக்கு? எனக்காகன்னா வேணாம். உங்க மனசு ஆறுறதுக்குன்னா அது உங்க பாடு."

அவள் சொன்னாள். மறுநாள் காலை, எல்லோரும் இருக்கும்போதே, தான் சொன்னது தப்பு, துணியில் சவர்க்காரம் போட்டது கிருஷ்ணராஜ் இல்லை என்றாள். யார் என்று முதலாளி கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்றாள். பன்னிரண்டு வருடப் பால் நிலையத்திலும் இங்கேயும் அவள் சொன்ன முதல் பொய் அது, நாக்கில் ஒட்டாமல் வந்தது. முதலாளி நம்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. மன்னிச்சிடுங்க என்று கிருஷ்ணராஜைப் பார்த்துச் சொன்னபோது, அவன் தலையைக்கூட ஆட்டவில்லை. திருச்செல்வம் அன்று கொண்டுவந்த கான்கள் சுத்தமாக இருந்தன. அவன் அவளிடம் இறக்காமல் முதலாளியைக் கூப்பிட்டு இறக்கினான்.

தைப்பொங்கல் கழிந்ததும் கிருஷ்ணராஜ் பல்லேகலயில் புதிதாகத் தொடங்கிய வேறொரு பட்டறைக்குப் போய்விட்டான். திருச்செல்வத்தின் பதனியும் அங்கே போனது. அடுத்த மாதம் லிண்டாவும் போனாள். கிருஷ்ணராஜ் போனதில் யோசப்பினுக்கு வருத்தம் இல்லை, அவனைப் பார்க்காமல் இருப்பது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. லிண்டா கடைசி நாளில் முதலாளியிடமும் லேபல் ஒட்டும் பொம்பளைகளிடமும் சொல்லிக்கொண்டு, யோசப்பின் வடித்துக்கொண்டிருந்த அறையைத் தாண்டியே வெளியே போனாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. யோசப்பின் கையிலிருந்த கானை இறக்கி வைத்துவிட்டு, அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போகும்வரை ஜன்னலால் பார்த்தாள்.

இப்போது முதலாளியே அடுப்படியில் நின்று காய்ச்சுகிறார், பதம் அடிக்கடி தப்புகிறது. அதற்கும் அவளைத்தான் குறை சொல்கிறார்.