வெளி ராஜ்யத்துக் கட்டணம்

இண்டர்மீடியட் முடித்ததும் கணிதத்தில் பி.ஏ. படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பா, படிப்பானாலும் நாலு இடம் விசாரிக்காமல் எடுக்கக்கூடாது என்றார்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் அப்பாவும் ஒருவர். அதனால் முதலில் திருநெல்வேலிக்குத்தான் பஸ் ஏறினோம். அங்கே கல்லூரிக் குமாஸ்தா அப்பாவின் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மலையாளத்துக்காரங்களா? வெளி ராஜ்யம்னா கட்டணம் கூடுதல்" என்றார்.

"நான் இவ்வளவு நேரமும் தமிழ்லதான்லா பேசுகேன்!"

"அப்படியா!" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

விடுதியில் குழம்புக்கு எங்கள் பக்கத்துத் தேங்காயெண்ணெய் இல்லை, நல்லெண்ணெய் என்று தெரிந்ததும் அப்பா எழுந்துவிட்டார்.

மறுவாரம் திருவனந்தபுரம். அங்கிருந்தவர் எங்களைப் பார்த்ததுமே, "பாண்டியாணோ?" என்றார். தமிழர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் சொந்த ராஜ்யம் என்பதால் கட்டணம் குறைவு. வராந்தாவுக்கு வந்ததும் அப்பா சொன்னார்:

"என்னத்தயும் சொல்லிட்டுப் போட்டும் மக்கா. கட்டணத்த நம்ம ஆளுவளுக்கு உள்ளதுதான வாங்குகான்."

சேர்ந்தேன். அடுத்த வருடமே எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். விடுமுறைக்கு வந்திருந்த எனக்கும் வீட்டில் ஒன்று நீட்டியபோது, அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்:

"அப்பம் இனி திருவனந்தபுரம்லா வெளி ராஜ்யம்?"

அப்பா நீட்டிய லட்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"ஊர்வலம் போயி கட்டணத்தக் கூட்டிட்டு வந்திருக்கேளே!"

மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னுடன் புறப்பட்டார். கொள்கைக்காக அதுவரை மலையாளம் பேசாதவர், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து மலையாளத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கல்லூரி அலுவலகத்தில் புதிதாக ஒருவர் இருந்தார். அப்பா "சாரே" என்று மலையாளத்தில் தொடங்கி, இரு நாட்டுக்கும் உள்ள பழைய உறவு, பத்மநாபபுரம் அரண்மனை, பொதுவான தேங்காயெண்ணெய் வரைக்கும் வந்துவிட்டார். அந்தப் புதியவர் பொறுமையாகக் கேட்டு, நல்ல தமிழில் சொன்னார்:

"ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய கட்டணம்தான். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

அப்பாவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் சொல்ல இருந்துது" என்றார்.

"சொல்லுங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார் அவர். அப்பா உட்கார்ந்து மீதியையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.