பாறைக்குக் கீழே ஒரு முழுத் தூக்கம்

எங்கள் தீவில் ஆகப் பெரிய ஏற்றம் என்றால் பெரிய பாலத்தில் சைக்கிள் மிதிக்கும் இடம்தான். அதற்கே பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கு, மலைக்கு மேலே, வீடு வாசல் இல்லாத இடத்தில், ஒரு பாறைக்குக் கீழே படுத்து எழும்ப வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று சொல்வதுகூடச் சரியில்லை. பைத்தியம் பிடித்தது.

போனில் ஒரு காணொளி பார்த்ததில் தொடங்கியது. யாரோ இரண்டு பேர் நாள் முழுக்க மலை ஏறி, முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய பாறையின் அடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். சுவர் இல்லை, கதவு இல்லை. மேலே கல், முன்னால் வெறும் பனிமூட்டம். காற்றின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கடலுக்குப் போகிறவர். சாமத்தில் எழும்பிப் போவார். போகும்போது என்னை எழுப்ப மாட்டார். ‘போட்டு வாறன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார். அவர்கள் குடும்பத்தில் தகப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். சொல்லிக்கொண்டு போனால் கடலின் காதில் விழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கதவுகூடச் சத்தம் போடாது. எனக்கு எப்படியோ விழிப்பு வரும். கையை நீட்டினால் பக்கத்துப் பாய் குளிர்ந்து கிடக்கும். அதன் பிறகு எங்கே தூக்கம்? வருகிற வள்ளங்களின் எஞ்சின் சத்தங்களுக்குள் எங்கள் எஞ்சின் கேட்கும்வரை புரண்டுகொண்டு கிடப்பேன். அவர் கடலுக்குப் போகாத நாள்களிலும் அலைச்சத்தம் விடாது. அவருக்கு லீவு கிடைத்தாலும் என் காதுக்குக் கிடைக்காது. கலியாணம் கட்டின நாளிலிருந்து ஓர் இரவை முழுசாகத் தூங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடல் கேட்காத ஓரிடத்தில், அவர் பக்கத்தில் கிடக்க, விடியும்வரை ஒரு தூக்கம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கண்டியில் ஒரு அறை எடுத்துப் படுத்தால் போதாதா என்று என் தங்கச்சி கேட்டாள். அறை என்றால் கதவைத் திறந்துகொண்டு எழும்பிப் போகலாம். மலை உச்சியில், இருட்டில், ஒரு பாறைக்குக் கீழே இருந்து எந்த மனிதனாலும் எங்கேயும் போக முடியாது. இதை அவளிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. மலை பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி நச்சரித்தேன்.

சோளகக் காற்று கடுமையாக வீசி வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்திருந்த கிழமை ஒன்றில்தான் மனுசன் இறங்கி வந்தார். ஒரேயொரு இரவு, அதில் ஏதாவது கரைச்சல் வந்தால் இனி மலை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இதுதான் நிபந்தனை. தலையை ஆட்டிவிட்டு அன்றைக்கே பையைக் கட்டினேன்.

மாத்தளைப் பக்கத்து மலை. அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். தேயிலை முடிந்து காடு தொடங்கியதும் அட்டைகளும் தொடங்கின. கடலில் திருக்கைமீனோடு மல்லுக்கட்டுகிற என் கணவர், நூல் மாதிரிக் கிடந்த ஓர் அட்டையைக் காலில் கண்டதும் துள்ளிய துள்ளலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்கோ கால் வலித்தது தெரியவில்லை, மூச்சு வாங்கியது தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடம் கீழே போய்க்கொண்டே இருந்தது. உயரம் என்றால் இதுதானா என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஒருமுறை கத்தியும் விட்டேன். எதிர்மலை திருப்பிக் கத்தியது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

பின்னேரம் பாறைக்கு வந்து சேர்ந்தோம். கவிழ்த்து வைத்த வள்ளம் போல அது மலைச்சரிவில் கிடந்தது. அடியில் மண் காய்ந்து தூளாக இருந்தது. முந்தி வந்து தங்கியவர்கள் மூட்டிய நெருப்பில் கூரைக்கல் கறுத்திருந்தது. மூன்று அடுப்புக் கற்களை யாரோ அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். விளிம்பில் சொட்டுகிற தண்ணீர் நிலத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்தால் வீடு, வெளியே போனால் காடு. நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் மீனவர் அல்லவா, வள்ளத்தில் ஓட்டை பார்க்கிற மாதிரி பாறையின் அடிப்புறத்தைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

பாறைக்கு இரண்டு வாய். ஒன்று அகலமானது, மற்றது குனிந்து நுழைய வேண்டிய பதிவான இடம். வழிகாட்டி பதிவான பக்கத்தைக் காட்டினார். என் கணவர் மறுத்துவிட்டார். இப்போது வீசுவது சோளகம், அது வருகிற பக்கம் தனக்குத் தெரியும், இந்த அகலமான வாய்க்குள் ஒரு பொட்டுக் காற்று வராது என்று விளக்கம் கொடுத்தார். வழிகாட்டி தன் பையை மற்றப் பக்கத்தில் வைத்தார். பாண் ரொட்டியையும் சுட்ட கருவாட்டையும் எடுத்து வைத்தோமோ இல்லையோ, காற்று பாறைக்கு மேலால் ஏறி, குப்புற விழுந்து, நேரே நாங்கள் இருந்த வாய்க்குள் வந்தது. அடுப்புச் சாம்பல் முழுவதும் கருவாட்டில். மலையில் காற்று இப்படி முதுகைச் சுற்றி வரும் என்று கரையில் யாருக்குத் தெரியும்? பாய், பை, பாண் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு குனிந்து குனிந்து இடம் மாறினோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சாம்பலைத் தட்டித் தட்டிச் சாப்பிட்டார். இது கரைச்சல் கணக்கில் சேருமா என்று நான் கேட்கவில்லை.

படுத்தது ஞாபகம் இருக்கிறது. அவர் குறட்டை விடத் தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கண் விழித்தபோது வெளியே சாம்பல் வெளிச்சம். விடிந்துவிட்டது! நான் தூங்கியிருக்கிறேன், முழுசாகத் தூங்கியிருக்கிறேன். எழும்பிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. வழிகாட்டி தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். சந்தோஷம் தாங்காமல் வெளியே வந்து பாறையின் பக்கத்தால் ஏறினேன். மேலே ஒரு தட்டையான இடம். பனி விலகி, மலைக்குப் பின்னால் மலையாக, எண்ண முடியாமல் நின்றன. வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பனி திரும்பி வந்து மூடிக்கொண்டது. பனிக்குள் ஓர் அடியும் வைக்கக் கூடாது, இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். சப்பாணி போட்டு உட்கார்ந்தேன். என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அதுவும் பிடித்திருந்தது.

அவர் கூப்பிடுவது எங்கோ கேட்டது. பதில் கொடுத்தேன். காற்று என் சத்தத்தை வேறு பக்கம் கொண்டு போனது. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நேரம் போகப் போகக் குரல் கரகரத்தது.

பனி கொஞ்சம் கலைந்ததும் இறங்கி வந்தேன். பாறை வாயில் நின்றார். இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்திருந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கால் உரசி இரத்தம் கசிந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்து நான் சிரிக்கத்தான் போனேன். பிறகுதான் மற்றக் கையைப் பார்த்தேன். அதில் என் துவாயைச் சுருட்டிப் பிடித்திருந்தார். புயலில் மாட்டிக் கரைக்கு வந்த நாளில்கூட அவரை நான் இப்படிக் கண்டதில்லை.

“எங்க போனனீ? எழும்பிப் பாத்தா ஆளில்லை. பாய் குளிர்ந்து கிடக்குது. பள்ளத்துக்க விழுந்திட்டியோ எண்டு… ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போனா என்ன?”

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

“எனக்கு ஒவ்வொரு நாளும் விடியிறது இப்பிடித்தான்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அடுப்புக் கல்லில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துவாயை நனைத்து இரத்தத்தைத் துடைத்துவிட்டேன். வழிகாட்டி தண்ணீரோடு வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி வைத்தார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் காலையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். மலை அழகு ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, எனக்காக ஒரு மனுசன் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டு பயந்து நின்றிருக்கிறார். காத்திருந்து பயப்படுவது என் வேலை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இறங்கும்போது அவர் எனக்கு முன்னால் நடந்தார். தேயிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான், முன்னால் பார்த்தபடி, “ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன்.

சோளகம் தணிந்து வள்ளங்கள் திரும்பவும் இறங்கின. முதல் நாள் சாமத்தில் ஒரு கை என் தோளைப் பிடித்து உலுக்கியது. “எழும்பு, நான் போட்டு வாறன்,” என்றார், கடலுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்பது போல நல்ல சத்தமாக. எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாசல்வரை போனேன். இப்போது ஒவ்வொரு சாமமும் இதுதான். நேரத்தோடு எழும்ப வேண்டியிருப்பதால் என் தூக்கம் முன்னையைவிடக் குறைந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்விட்டது என்று தங்கச்சி சொல்கிறாள். கறுக்கட்டும்.